கார்த்திகைப்பூக் கொடி முளைக்கவில்லை, ஏறவில்லை, பூக்கவில்லை: எங்கே பார்ப்பது, எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் எங்கள் படலையைத் தட்டுகிறவர்கள் அனேகமாக ஒரே பேச்சோடுதான் வருவார்கள். "அண்ணை, நீங்கள் தந்த கிழங்கு இன்னும் முளைக்கேல்லை." சொல்கிறவரின் கையிலேயே அந்தக் கிழங்கு இருக்கும். முளைத்ததா என்று பார்க்கத் தோண்டி, மண்ணைக் கழுவி, கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருப்பார். அதுவரை உயிரோடிருந்த கிழங்கு பெரும்பாலும் அந்தத் தோண்டலில்தான் கெட்டிருக்கும்.

காந்தள் என்றும் சொல்கிற இந்தக் கொடி வருடத்தில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் உறங்குகிற சாதி. அதற்கு வருகிற வில்லங்கத்தில் பாதி நம்முடைய அவசரம். மீதிப் பாதிக்கு என்ன செய்வதென்று, கேட்டவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் கொடியில் தெரிகிற குறியைப் பார்த்து அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். நான் பார்த்ததெல்லாம் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண்ணில். வடமராட்சி மணல்பக்கம் இருப்பவர்களுக்கு எங்கெங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

## எல்லாவற்றுக்கும் முன்: யாரோ கிழங்கையோ விதையையோ தின்றுவிட்டார்

இதற்குச் சோதனை கிடையாது, காத்திருந்து பார்ப்பதும் கிடையாது. அம்புலன்சுக்கு 1990-ஐ அழையுங்கள். அல்லது கிடைத்த வாகனத்தில் யாழ் போதனா வைத்தியசாலைக்கோ, கிட்டிய அரச வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள்.

"பிள்ளை நல்லாத்தானே விளையாடுது" என்று இருந்துவிடக் கூடாது. இதிலுள்ள கொல்கிசின் என்ற நஞ்சு உடனே குணம் காட்டாது. வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கவே சில மணி நேரம் ஆகும். அதற்குள் அது உடம்பில் இறங்கிவிடும். இதை முறிக்கவென்று கைக்கெட்டும் மாற்று மருந்து இல்லை. உறுப்புகள் தாங்கும்படி பார்த்துக்கொள்வதே வைத்தியம். அதனால்தான் நேரம் முக்கியம். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்று மிச்சமான கிழங்கைப் பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கொடி முழுவதும் நஞ்சு என்றாலும் கிழங்கும் விதையும்தான் கடுமை. அவித்தாலும் போகாது. மழையில் மண் கழுவுண்டு வெளியே தெரியும் கிழங்கு வற்றாளங்கிழங்கு போலவே இருக்கும். இலங்கையில் அப்படி மாறி அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. ஆகவே வற்றாளை, இராசவள்ளி நட்ட பாத்திக்குப் பக்கத்தில் இதை நடவே வேண்டாம். தமிழ்நாட்டில் இதற்குக் கண்வலிக் கிழங்கு என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டுக் கண் மருந்து என்று ஒருவர் வந்து கேட்டார், கொடுக்கவில்லை. ஆடு மாட்டுக்கும் ஆகாது. கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் பழைய சொப்பிங் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

## முளை வரவில்லை

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள், மண்ணை அல்ல. பங்குனி, சித்திரையில் நட்டுவிட்டு வைகாசியில் தேடினால் எதுவும் இருக்காது. நம் பக்கத்தில் மழை தொடங்கி மண் ஆழமாக நனைந்த பிறகுதான் அது கண் விழிக்கும். நல்ல மழை விழுந்து மூன்று நான்கு கிழமையாவது விடுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு பெரியவர் வந்து, முருகனுக்குக் காந்தள் மாலை சாத்த வேண்டும், பூ இருக்கிறதா என்று கேட்டார். முருகனுக்கு உகந்த பூதான், அதில் பிழையில்லை. ஆனால் அந்த ஆவணி வெயிலில் என் வளவுக் கிழங்கெல்லாம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

### மழை விழுந்து ஒரு மாதம் கடந்தும் வரவில்லை என்றால்

விரலை விட்டுப் பாருங்கள். மேல் மண் நனைந்து கீழே புழுதியாக இருப்பதுண்டு. கூரைத் தாழ்வாரத்துக்கு உள்பக்கம் நட்டவர்களுக்கு இது வழக்கம். வாளியால் ஆறுதலாக ஊற்றி நனையுங்கள். அடுத்தது ஆழம். கிழங்கைப் படுக்கையாக வைத்து மேலே இரண்டு மூன்று அங்குல மண் இருந்தால் போதும். செம்மண்ணில் ஒரு முழம் தோண்டிப் புதைத்தவர்கள் உண்டு. அது முளைத்தாலும் மேலே வரும்வரை பலம் தாங்காது. மணல் நிலத்தில் இன்னும் ஓர் அங்குலம் கூடினாலும் பரவாயில்லை.

### ஈரமும் ஆழமும் சரி என்றால்

இப்போதுதான் தோண்டலாம். மண்வெட்டியும் அலவாங்கும் வேண்டாம், கை மட்டும். கிழங்கு ஏர்க்கலப்பை மாதிரி வளைந்து இரண்டு கையாகப் பிரிந்திருக்கும்; கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அதனால் வந்தது. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரேயொரு முளைக்கண்தான். உருளைக்கிழங்கு போல உடம்பெல்லாம் கண் இல்லை. நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிறிய மஞ்சளில், அரிசியின் முனை அளவுக்கு ஒரு கூர் தெரிந்தால் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடாமல் திருப்பி வைத்து மூடுங்கள். அந்த இடம் தட்டையாகி, காய்ந்த பொருக்குப் பிடித்திருந்தால் நுனி உடைந்துவிட்டது. அந்தக் கையிலிருந்து இனி ஒன்றும் வராது. மற்றக் கை நன்றாக இருந்தால் அதை நம்பி நடலாம். இரண்டும் போனால் வேறு கிழங்குதான், எந்த உரமும் உதவாது.

பெருவிரலால் அமத்தினால் அமிழ்ந்து, புளித்த வாடை வந்தால் அழுகல். அழுகிய கையை வெட்டி எறிந்து, மிச்சக் கையின் வெட்டு வாயை நிழலில் இரண்டு நாள் காயவிட்டு வேறு இடத்தில் நடுங்கள். பழைய குழியில் வேண்டாம்.

விதை போட்டவர்களுக்குத் தனியாக ஒரு சொல். விதை முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும், அதிலிருந்து பூப் பார்க்க மூன்று நான்கு வருடம். பொறுமை இருந்தால் செய்யுங்கள். எனக்கு இல்லை.

## முளைத்த தண்டு அடியோடு சாய்ந்து விழுந்தது

விழுந்த தண்டின் அடியைப் பாருங்கள்.

கத்தரியால் வெட்டியது போல இருந்தால் வெட்டுப்புழுவோ நத்தையோ. இரவு எட்டு மணிக்குப் பிறகு டோர்ச் வெளிச்சத்தில் போனால் ஆளைக் கையோடு பிடிக்கலாம். செலவில்லாத வைத்தியம். பூவை அடுத்த மாரிக்கு எதிர்பாருங்கள்.

அடி கறுத்துக் கொளகொளத்திருந்தால் தண்ணீர் நின்றிருக்கிறது. நம் மாரி மழை இரண்டு மூன்று நாள் ஒரேயடியாகப் பெய்து முற்றத்தையே குளமாக்கும் மழை. கிணற்றடி வாய்க்கால் ஓரத்தில் நட்ட கொடியெல்லாம் இப்படித்தான் போகும். பக்கத்தில் சிறு வாய்க்கால் கீறி நீரை வெளியேற்றுங்கள். அடுத்த முறை பாத்தியை ஒரு சாண் உயர்த்தி நடுங்கள். சாடியில் இருந்தால் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஓர் ஈர்க்கால் குத்திப் பாருங்கள். சாடிக்குக் கீழே அழகுக்கு வைத்த தட்டை எடுத்து எறியுங்கள்.

அடியைச் சுற்றி வெள்ளை நூல் படர்ந்து, அதற்குள் கடுகு கடுகாக மண்ணிற உருண்டைகள் தெரிந்தால் கவனம். இது மண்ணிலிருந்து வரும் பூஞ்சணம், வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். செடியையும் சுற்றி ஒரு சாண் மண்ணையும் அள்ளி வளவுக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள், குப்பைக் கிடங்கில் போடாதீர்கள். பக்கத்தில் வெங்காயமோ மிளகாயோ செய்கிறீர்கள் என்றால் இந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920-க்கு அழையுங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவர்கள் சொல்லட்டும். கடைக்காரர் தந்ததை ஊற்றிப் பூவுக்காகத் தோட்டத்தைக் கெடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

## ஏறவில்லை, நிலத்தில் படர்ந்து கிடக்கிறது

இதற்கு அனேகமாக ஒரே காரணம்தான். பிடிக்கக் கொடுத்த பொருள் தடிப்பு.

முல்லை தண்டையே சுற்றி ஏறும். இது அப்படியல்ல, இலை நுனி நீண்டு, மெலிந்து, கொக்கியாகச் சுருண்டு பிடிக்கும். ஓர் இலையை விரலில் வைத்துப் பாருங்கள், நுனி பூனைவால் போல வளைந்திருக்கும். அந்தக் கொக்கி பென்சில் தடிப்புக்குள் உள்ளதைத்தான் சுற்றும். வழுக்குகிற பீவீசீ குழாயும் சீமெந்துத் தூணும் வைத்துவிட்டு "ஏறுதில்லை" என்றால் அது என்ன செய்யும்? குழாயைச் சுற்றிச் சணல் கயிறு கட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய மீன் வலைத் துண்டு. உண்மையில் நம் கதியால் வேலியின் கிளுவைச் சிறு கொப்புக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. மதில் கட்டிய வீடுகளில்தான் இந்தப் பிரச்சினையே தொடங்கியது.

டொரொன்டோவில் இருக்கும் தங்கச்சி வீட்டு வாசலில் கிளெமாட்டிஸ் என்றொரு கொடி, ஊதாப் பூவாகச் சொரியும். அது இலைக் காம்பால் சுற்றிப் பிடிக்கும், அதற்கும் மெல்லிய கம்பிதான் வேண்டும். அவள் ஆசையோடு ஒரு கன்று கொண்டுவந்து தந்தாள். குளிரில் உறங்கி எழும்பிப் பழகிய கொடி, எங்கள் சித்திரை வெக்கையில் ஒரு மாதம் நிற்கவில்லை. நல்லதற்கு அதிலிருந்து ஒரு பாடம் மட்டும் மிஞ்சியது. கிளெமாட்டிஸ் வளர்ப்பவர்கள் வேருக்கு நிழலும் தலைக்கு வெயிலும் கொடுக்கச் சொல்வார்கள். கார்த்திகைப்பூவுக்கு அது அப்படியே பொருந்தும். அடியில் பூவரசஞ் சருகு கொட்டி மூடுங்கள், தலையை வேலிக்கு மேலே விடுங்கள்.

சாய்ந்த தண்டைப் பிடித்து நிமிர்த்திக் கட்டாதீர்கள், பட்டென்று முறியும். கிடக்கிற இடத்திலேயே ஒரு சுள்ளியைச் சாய்த்துக் குத்திவிட்டால் தானாக வழி தேடிக்கொள்ளும்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி.

கீழ் இலை மட்டும் மஞ்சளாகி, மேலே பச்சையாக இருந்தால் பசி. நன்றாக உக்கிய மாட்டெரு இரண்டு கைப்பிடி போடுங்கள். தண்டில் முட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும்.

மேலே புதிதாக வரும் இலை வெளிறி, நரம்புக் கோடுகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் சுண்ணாம்பின் வேலை. நாம் இருப்பது சுண்ணாம்புக் கல்லின் மேல். கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தால் உள்ளே படிகிற வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் கொடியால் எடுக்க முடியாது. செய்யக்கூடிய மலிவான காரியம், மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து அதையே ஊற்றுவதும் உக்கிய குப்பையை நிறையச் சேர்ப்பதும். அடுப்புச் சாம்பல் போடாதீர்கள். மஞ்சளைக் கண்டதும் சாம்பல் அள்ளிப் போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம், இந்த நோய்க்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய். அதற்கும் கேட்காவிட்டால் இலையில் தெளிக்கும் இரும்புச் சத்துக் கலவை கடையில் கிடைக்கும். போத்தலில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம்.

இலை நுனியும் ஓரமும் கருகினால் உவர். கடற்கரைப் பக்கக் கிணறுகளில் மழை பிந்தினால் இது வரும். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரியும். வேறு தண்ணீர்தான் மருந்து.

## நேற்று இருந்த இலை இன்று இல்லை

இலையின் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையும் புள்ளி வைத்த புழு கூட்டமாக இருக்கும். கொடி நஞ்சு என்று ஆடு ஒதுங்கும், இந்தப் புழு மட்டும் அதையே பிடித்துத் தின்று வளரும். ஒரு கிழமை விட்டால் தண்டு மட்டும்தான் மிஞ்சும், சிலவேளை அதையும் சுரண்டிவிடும்.

விடியற்காலையில் சவர்க்காரத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்து, ஈர்க்கால் தட்டி விழுத்துங்கள். மூன்று நாள் அடுத்தடுத்துச் செய்தால் ஒரு வீட்டு வேலிக்குப் போதும். இலையடியில் முட்டைக் குவியல் கண்டால் அந்தத் துண்டை மட்டும் கிள்ளுங்கள். முழு இலையையும் பிடுங்கினால் கொக்கியும் போய்விடும். வேப்பங்கொட்டை இடித்து இரவு ஊற வைத்து, வடித்த தண்ணீரைப் பின்னேரத்தில் தெளிப்பது அடுத்த படி. பத்துப் பன்னிரண்டு கொடிக்குள் வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

## கொடி செழிப்பு, பூ இல்லை

அதிகம் பேர் மனம் வருந்துவது இதற்குத்தான், அதிலும் நவம்பர் கடைசிக் கிழமையில். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் இந்தப் பூ நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஒரு பக்கம். நவம்பர் 27 மாவீரர் நாளுக்கு, போரில் போன பிள்ளையின் படத்தின் முன் வைக்கக் கேட்டு வருகிற தாய்மார் இன்னொரு பக்கம். சங்கப் பாட்டில் காந்தள் மலைப் பூ, பெண்ணின் விரலுக்கு உவமை. தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுதான், சிம்பாப்வேயின் தேசியப் பூவும் இதுதான். மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் அது வேலியில் ஏறி, வேறொரு பாரத்தைச் சுமக்கிறது. ஆகவே "இந்த வருசம் பூக்கேல்லை" என்று ஒருவர் சொல்லும்போது நான் பகிடி விடுவதில்லை.

சரி, காரணங்கள்.

நிழல். மாமரத்துக்குக் கீழே கொடி பச்சைப் பசேல் என்று இருக்கும், மொட்டு வராது. அரை நாள் வெயிலாவது வேண்டும். இந்த மாரியில் இடம் மாற்ற முடியாது. மேலே மறைக்கும் கொப்பை வெட்டலாம்.

நுனி முறிந்தது. பூக்கள் தண்டின் மேல் பகுதியில்தான் வரும். ஆடு கடித்தாலோ, வேலி கட்டும்போது கிடுகு பட்டு முறிந்தாலோ அந்த வருடப் பூ போனதுதான்.

யூரியா. பக்கத்துப் பாத்திக்குப் போட்டது கசிந்தாலும் போதும், இலையாகவே தள்ளும். நிறுத்துங்கள், வேறு வழியில்லை.

கிழங்கு சிறிது. சுண்டுவிரல் மொத்தத்தில் உள்ள கிழங்கு முதல் வருடம் இலை மட்டும் விடும். அடுத்த வருடமும் அப்படியாகலாம். பெருவிரலை விடத் தடித்த கிழங்கைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் சிறிதைத் தந்துவிட்டு இந்த வருடமே பூக்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள். விற்பவன் நான், நானே சொல்கிறேன்.

பிந்தியது. முளை வந்து பூக்க ஏறக்குறைய இரண்டு மாதம். மழை ஐப்பசி நடுப்பகுதியில்தான் தொடங்கினால் பூ மார்கழிக்குப் போகும். 27-ஆம் திகதிக்கு வேண்டும் என்றால் மழையை நம்பாமல் புரட்டாதி தொடக்கத்திலிருந்தே தண்ணீர் ஊற்றுங்கள், அதுவும் மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ. எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுப்பாதீர்கள். பத்து நாள் இடைவிட்டு மூன்று பகுதியாக நனையுங்கள், ஒன்று தப்பினாலும் மற்றது கை கொடுக்கும்.

பூ வந்தும் "நிறம் சரியில்லை" என்று சொல்கிறவர்களும் உண்டு. ஓர் இரண்டு நாள் பொறுங்கள். மொட்டு பச்சையாகத் தலை குனிந்து நிற்கும். விரியும்போது ஆறு இதழும் ஓரம் நெளிந்து மேல்நோக்கி மடங்கும், அப்போது மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, அடியில் மட்டும் மஞ்சள் நிற்கும். கடைசியில் முழுக்க இரத்தச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறமும் ஒன்றாக நிற்கிற காலை ஒன்று வரும். படம் எடுக்கிறவர்கள் அன்று எடுங்கள்.

## பூத்தது, காய் பிடிக்கவில்லை

சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டாக மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு ஒதுங்கி நிற்கும். பூச்சி வராத வளவில் காய் பிடிப்பது குறைவு. வேண்டுமென்றால் காலையில் ஒரு பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து மற்றப் பூவின் சூல்முடியில் தடவுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நான் செய்ய மாட்டேன். செம்மஞ்சள் விதை அவர்களுக்கு இனிப்பு மாதிரித் தெரியும். காய் பிடித்திருந்தாலும் வெடிக்க முதல் நறுக்கிவிடுங்கள்.

## தை பிறக்க எல்லாம் காய்ந்துவிட்டது

செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், தண்ணீர் ஊற்றி எழுப்பவும் பார்க்காதீர்கள். கீழே பழைய கிழங்கு சுருங்கி, புதியது அதன் இடத்தில் முற்றிக்கொண்டிருக்கிறது. தண்டு மஞ்சளாகித் தானாகக் கழரும்வரை விடுங்கள். பச்சையாக இருக்கும்போது வெட்டினால் கிழங்கு சிறுத்து, அடுத்த மாரியில் "பூ இல்லை" என்ற தலைப்புக்கு வந்து நிற்பீர்கள்.

மார்கழியிலேயே, பூ இருக்கும்போதே மொத்தக் கொடியும் ஒரே நாளில் வாடினால் அது வேறு கதை. அடித்தண்டைப் பாருங்கள், சாய்ந்து விழுந்த தண்டுக்குச் சொன்னதையெல்லாம் இங்கும் செய்யுங்கள்.

தோண்டி எடுத்து வைப்பதா, மண்ணிலேயே விடுவதா என்றால், கோடையில் தண்ணீர் ஊற்றாத இடமாக இருந்தால் விட்டுவிடுங்கள். வாழைக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் படும் என்றால் எடுத்து, காய்ந்த மணல் போட்ட பெட்டியில் அடுக்கி, பிள்ளைகள் எட்டாத பரணில் வையுங்கள். பெட்டியில் "நஞ்சு" என்று பெரிதாக எழுதுங்கள். மண்ணில் விட்டவர்கள் அந்த இடத்தில் ஒரு கதியாலை நட்டு, சிவப்புத் துணி ஒன்று கட்டிவிடுங்கள். சித்திரையில் வேலி அடைக்க வருகிறவரின் அலவாங்கு நேரே அங்கேதான் இறங்கும்.